ஆசை முன்னே ஓடாமல் பழனிக்கு நடப்பது எப்படி? தைப்பூசப் பாதயாத்திரைக்கு முழுமையான வழிகாட்டி

பாதி வழியில் பஸ் ஏறித் திரும்புகிறவர்களைப் பக்தி குறைந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பல நேரம் நேர்மாறு. முதல் நாள் கூட்டத்துக்கே முன்னால் போனவர், கிளம்புகிற அன்று காலையில் 'செருப்பு வேண்டாம்' என்று முடிவெடுத்தவர், விரதம் என்று 48 நாளும் ஒருவேளைக் கஞ்சியோடு ஓட்டியவர் இப்படித்தான் காங்கயத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். ஈடுபாடு நிறைய இருந்தது, அதைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. இன்னொரு வகையும் உண்டு. எல்லாவற்றையும் ஒழுங்காகப் பட்டியல் போட்டு, பையும் கட்டி வைத்துவிட்டு, கடைசியில் 'அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க' என்பவர்கள். அவர்களிடம் கட்டுப்பாட்டுக்குக் குறைவில்லை, மனசுதான் இறங்கவில்லை. இரண்டு பேருக்கும் பொருந்துகிற மாதிரி, ஈரோட்டிலிருந்து அறச்சலூர், காங்கயம், தாராபுரம் வழியாகப் பழனி போகும் சுமார் 110 கி.மீ. பாதையை வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாக வருகிறவர்களுக்கும் தூரம் ஏறக்குறைய இதேதான். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. வேண்டுதலை அளந்து சொல்லுங்கள்

முதல் வேலை மாலை வாங்குவதல்ல. என்ன நேர்ந்துகொள்கிறோம் என்று ஒரு தாளில் எழுதுவது. எங்கிருந்து எங்கே, எத்தனை நாள், செருப்போடா வெறுங்காலா, காவடி உண்டா இல்லையா. முதல் வருசமே நடை, வெறுங்கால், ஒருவேளைச் சாப்பாடு, மௌனம் என்று எல்லாவற்றையும் சேர்த்து நேர்ந்துகொள்வது வழக்கமான தவறு. ஒரு வருசத்துக்கு ஒன்று கூட்டினால் போதும். முதல் வருசம் நடை மட்டும்.

அந்தத் தாளிலேயே இன்னொரு வரியும் எழுதுங்கள்: எந்த நிலை வந்தால் நடையை நிறுத்துவேன், நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு. இதைக் குருசாமியிடமும் வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வழியில் கால் வெந்து கிடக்கும்போது எடுக்கிற முடிவு பெரும்பாலும் வீறாப்பாகத்தான் இருக்கும்.

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடப்பது கொங்கு நாட்டில் பெரிய மரபு. ஆனால் அது பங்குனி வெயில். முதல் முறை நடப்பவர் தைப்பூசத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

2. விரதம்: மாலைக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குவது

தைப்பூசம் ஜனவரி பின்பாதியிலோ பிப்ரவரி முன்பாதியிலோ வரும். 48 நாள் பின்னோக்கி எண்ணினால் மாலை போடும் நாள் கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோ விழும். எல்லாவற்றையும் அந்த ஒரே நாளில் நிறுத்துவதுதான் பலரும் செய்வது. காலைத் துண்டித்த மாதிரி இருக்கும். பழக்கங்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள்.

காபி, டீ: ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். இரண்டாம் நாள் உச்சம், ஒரு வாரத்துக்கு மேலும் நீளலாம். இது சாமி குத்தம் அல்ல, காஃபின் இறங்குவது. மாலைக்குப் பத்து நாள் முன்பிருந்து இரண்டு நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்தால் பெரும்பாலும் தலைவலி வராது. விரதத்தில் காபி கூடாது என்று உங்கள் குருசாமி சொல்லாவிட்டால், ஒரு டம்ளரை வைத்துக்கொள்வதில் தப்பும் இல்லை.

பீடி, சிகரெட், ஹான்ஸ்: முதல் மூன்று நாள்தான் கடினம். எரிச்சல் மூன்று நான்கு வாரம் வரை வந்து போகும். அந்த எரிச்சல் வீட்டில் இருப்பவர்கள் மேல் விழும் என்பதை முன்பே சொல்லி வையுங்கள்.

குடி: இதைப் பற்றிப் பொதுவில் யாரும் பேசுவதில்லை, அதனால் விரிவாக. 'மாலை போட்டா நின்னுரும்' என்பது எப்போதாவது குடிப்பவருக்குச் சரி. தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. 6 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் நேரம் இடம் குழம்புவதும் சிலருக்கு வரும். அதைப் பார்த்துவிட்டுச் 'சாமி வந்துருச்சு' என்று திருநீறு போட்டு உட்காரவைப்பதுதான் மிக மோசமான தவறு. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, குடித்தால்தான் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் மாலைக்கு ஒரு மாதம் முன்பே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டிவிட வேண்டும். மாத்திரையோடு நிறுத்தினால் விரதம் குறைந்துவிடாது. நடுக்கம், குழப்பம் தொடங்கிவிட்டால் 108.

சாப்பாடு: விரதம் என்றால் வயிற்றைக் காயவைப்பது என்று எடுத்துக்கொண்டால் நடைக்குக் கால் இருக்காது. கறி மீன் முட்டையை விட்ட பிறகு தசைக்குப் புரதம் பருப்பிலிருந்துதான் வர வேண்டும். ஒரு நாளைக்கு 75 முதல் 100 கிராம் பயறு வகைகள்: காலையில் முளைகட்டிய பச்சைப்பயறு ஒரு கைப்பிடி, மதியம் கொள்ளுப் பருப்போ தட்டைப்பயறுக் குழம்போ, இரவில் ஒரு டம்ளர் பால் அல்லது தயிர். ராகிக் களியும் கம்பஞ்சோறும் நல்லதுதான், பருப்பு இல்லாமல் அவை மட்டும் போதாது. ஒருவேளை மட்டும் சாப்பிடுவது என்று வைத்திருந்தால் அதை வாரத்தில் ஒரு நாளாக, நடைப் பயிற்சி இல்லாத நாளாக வையுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்தைத் தாங்களாக விடக்கூடாது, அளவையும் மாற்றக்கூடாது. சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர் பட்டினியோடு நடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். நடை நாள்களுக்கான அளவை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. விரதம் இருப்பது ஒருத்தர், வேலை இரட்டிப்பாவது வீட்டுக்காரம்மாவுக்கு: தனிப் பாத்திரம், விடியற்காலைக் குளியலுக்குத் தண்ணீர், தினமும் துவைத்த பச்சை வேட்டி. தன் கட்டுப்பாட்டை அடுத்தவர் உழைப்பில் நடத்துவது விரதமாகாது. வேட்டியை நீங்களே துவையுங்கள், தட்டை நீங்களே கழுவுங்கள், பயறை நீங்களே ஊறவையுங்கள். எழுதி வைத்த தாளில் இதையும் சேருங்கள்.

3. ஏழு வாரப் பயிற்சி

48 நாளும் ஏழு வாரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் விரதத்தோடு பயிற்சியைப் பொருத்துவது எளிது. வாரத்தில் நான்கு நாள் நடை. மூன்று நாள் 4 முதல் 6 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீள நடை. நீள நடையின் அளவு வாரா வாரம் இப்படி ஏறலாம்: 6, 8, 11, 14, 17, 20, கடைசி வாரம் 8. ஆறாம் வாரம் 20 கி.மீ. நடந்த மறுநாள் காலையில் இன்னொரு 10 நடந்து பாருங்கள். யாத்திரையின் உண்மையான சோதனை இரண்டாம் நாள் காலைதான், அதை ஊரிலேயே பார்த்துவிடுவது மேல்.

கடைசி வாரம் குறைக்கச் சொன்னால் பலருக்கும் மனசு கேட்காது. உடம்பு நன்றாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் நடக்கலாமே என்று தோன்றும். நடக்காதீர்கள். அந்த வாரம் தசை ஆறுவதற்கானது. கீழ்பவானி வாய்க்காலில் மடையை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வயல் நனைவதற்கு முன்னால் வரப்பு உடையும், வேகத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த வாரம் இரட்டிப்பாக நடந்து ஈடுகட்டக் கூடாது. விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் தூரத்தைச் சுருக்குங்கள்: காங்கயம் வரை பஸ், அங்கிருந்து நடை. அதுவும் 65 கி.மீ.க்கு மேல் வரும்.

4. பாதம்

வெறுங்கால் என்று முடிவானால் மாலை போட்ட முதல் நாளிலிருந்தே பழக்க வேண்டும், பத்து நிமிடத்தில் தொடங்கி. தோல் தடிக்க வாரங்கள் ஆகும். மதியத் தார்ச்சாலை தை மாசத்திலும் பொறுக்க முடியாத அளவு சுடும். சரி, ஓரத்து மண்ணில் நடக்கலாம் என்றால் காங்கயம் சுற்றிலும் கொறங்காடுகள், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலங்கள்; அவற்றின் வேலி முழுக்கக் கிளுவை. வெட்டிப் போட்ட கிளுவை முள் பாதையோரத்தில் கிடக்கும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருசமாயிற்று என்று யோசியுங்கள். ஐந்து வருசத்துக்கு மேல் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வெறுங்கால் கூடவே கூடாது. முள் ஏறியதே தெரியாமல் மரத்துப்போன பாதத்தில் புண் ஆழமாகிவிடும்.

செருப்போ ஷூவோ போடுகிறவர் புதிதாக வாங்கினதோடு கிளம்பக்கூடாது. பயிற்சியில் குறைந்தது 60 கி.மீ. நடந்து பழகியதாக இருக்கட்டும். நடக்க நடக்கப் பாதம் வீங்கும், அதனால் ஷூவை மாலையில் போய், முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள்.

கொப்புளம் வருவதற்கு ஈரமும் உரசலும் காரணம். அது திடீரென வராது. முதலில் ஒரு இடம் மட்டும் சூடாக, லேசாக எரிகிற மாதிரி இருக்கும். பெரும்பாலும் குதிகால் விளிம்பு, பெருவிரலுக்குக் கீழே உள்ள மேடு, சுண்டுவிரல் பக்கம். அந்த நிமிடமே நிற்க வேண்டும். கூட்டம் போய்விடுமே, அடுத்த பந்தலில் பார்த்துக்கொள்ளலாமே என்று தள்ளிப்போட்ட இரண்டு கிலோமீட்டரில்தான் கொப்புளம் எழும்பும். உட்கார்ந்து காலைத் துடையுங்கள். முழுக்கக் காயட்டும். மெடிக்கலில் கிடைக்கும் பேப்பர் டேப்பைச் சூடான இடத்தைவிட இரண்டு விரல் பெரிதாக, சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிவிட்டால் கழன்று வராது. காலுறையை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். ஐந்து நிமிட வேலை, மூன்று நாள் நடையைக் காப்பாற்றும்.

கொப்புளம் வந்தேவிட்டால், சின்னதாக இருந்தால் உடைக்க வேண்டாம். பெரிதாகி நடக்க விடாமல் வலித்தால், கையைக் கழுவி, பிரித்த புது ஊசியால் ஓரத்தில் இரண்டு துளை போட்டு நீரை மட்டும் வெளியேற்றுங்கள். மேல்தோலை வெட்டாதீர்கள், அதுதான் கட்டு. பொவிடோன் அயோடின் களிம்பு, மேலே துணிக்கட்டு. மஞ்சள் பூசுவது, நூல் கோத்து உள்ளே விட்டுவைப்பது எல்லாம் கிருமிக்கு வழி விடுவதுதான். சர்க்கரை உள்ளவர் இதைத் தானாகச் செய்யாமல் வழியில் உள்ள மருத்துவ முகாமில் காட்ட வேண்டும்.

தொடை உரசலுக்கு, கிளம்பும் முன்பும் ஒவ்வொரு நீள ஓய்விலும் வாசலின் அல்லது தேங்காயெண்ணெய். ஈர வேட்டியோடு நடப்பதைத் தவிருங்கள். வேட்டிக்குள் முட்டி வரை இறுக்கமான உள்ளாடை போட்டுக்கொண்டால் பாதித் தொல்லை போய்விடும்.

5. வேலை, வீடு, பை

தைப்பூசம் வரும் சமயம் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வெட்டுத் தொடங்கிவிடும். திருப்பூரில் பொங்கல் லீவு முடிந்து கம்பெனிகளில் ஆள் தட்டுப்பாடு. லீவை மாலை போட்ட வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். மாடு கறக்க, சொசைட்டிக்குப் பால் ஊற்ற, தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட யார் என்று பெயர் போட்டு முடிவு செய்யாமல் கிளம்பினால் பாதி வழியில் போன் வந்துகொண்டே இருக்கும். பொறுப்பை வாங்கிக்கொண்டவருக்குத் திரும்பி வந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் பேசிவிடுங்கள். பஞ்சாமிர்தம் மட்டும் போதாது.

பையின் எடை 4 கிலோவைத் தாண்டக்கூடாது. ஒரு லிட்டர் பாட்டில், இரண்டு செட் உடை, மூன்று ஜோடி காலுறை, துண்டு, டார்ச், பேப்பர் டேப், களிம்பு, பாரசிட்டமால், ஓஆர்எஸ் பொட்டலம் ஆறு, வழக்கமான மருந்து ஒரு வாரத்துக்கு, ஒளிரும் ஸ்டிக்கர். போர்வை, பாத்திரம் எல்லாம் குழுவின் வண்டியில்.

6. நடை நாள்கள்

முதல் நாளைக் குட்டையாக வையுங்கள். ஈரோட்டிலிருந்து அறச்சலூர் சுமார் 20 கி.மீ., அங்கேயே தங்கல். இரண்டாம் நாள் காங்கயம், சுமார் 25. மூன்றாம் நாள் ஊதியூர் வழியாகத் தாராபுரம், சுமார் 32. நான்காம் நாள் அமராவதியைத் தாண்டி அலங்கியம் வழியாகப் பழனி, ஏறக்குறைய 34. கடைசி இரண்டும் கனம் என்று தோன்றினால் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள், யாரும் பந்தயம் வைக்கவில்லை.

விடியற்காலை 4 மணி முதல் 9 வரை, பிறகு சாயங்காலம் 4.30 முதல் 8.30 வரை. நடுவில் நிழலில் படுக்கை. வேகம் மணிக்கு 4 முதல் 5 கி.மீ. முதல் நாள் அரோகரா போட்டுக்கொண்டே இளவட்டங்கள் 6-இல் போவார்கள். போகட்டும், விடுங்கள். பேசிக்கொண்டே நடக்க மூச்சு வர வேண்டும், அதுதான் அளவு. 50 நிமிடம் நடை, 10 நிமிடம் ஓய்வு. ஓய்வில் காலை உயரமாகத் தூக்கி வையுங்கள்.

இரண்டாம் நாள் காங்கயத்தை நெருங்கும்போது ஒரு சோதனை வரும். 'இவ்வளவு தூரம் வந்துட்டமே, சிவன்மலைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாமுங்க சாமி' என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். திருப்பூர் சாலையில் சில கிலோமீட்டர்தான், அப்புறம் மலை ஏற்றம். மறுநாள் 32 காத்திருக்கிறது. இருந்த இடத்திலிருந்து கும்பிட்டுக்கொண்டு படுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் அளவில், சிறு சிறு மடக்காக. வெயிலில் வியர்த்து ஊற்றும்போது வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் உடம்பில் உப்புச் சத்து தாழ்ந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். மூன்று நான்கு மணி நேர நடைக்கு ஒரு ஓஆர்எஸ். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பைக் கூட்டாதீர்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி. வலிக்கு டைக்ளோஃபினாக், புரூஃபென் வகை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு நடப்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதுவும் உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது. பாரசிட்டமாலோடு நிறுத்துங்கள்.

அடுத்தது அன்னதானப் பந்தல். 48 நாள் வாயைக் கட்டினவர்களை வீழ்த்துவது இந்த இடம்தான். பொங்கல், கேசரி, அரிசிம்பருப்புச் சோறு, மோர், சுக்குக் காபி என்று வழி நெடுக. வாளியோடு நிற்பவர் விடமாட்டார்: 'ஏனுங்க சாமி, இன்னொரு கரண்டி வெச்சுக்கோங்க, நடக்கறவிய!' கொடுப்பவர் மனசு நோகக்கூடாது என்று எல்லாப் பந்தலிலும் உட்கார்ந்தால் வயிறு கனத்து, உட்கார்ந்த தசை இறுகி, எழும்போது முட்டி மடங்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு கரண்டி, நின்றபடியே. மற்ற இடங்களில் கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு வாய் வாங்கிக்கொண்டு நகருங்கள். சூடாக ஆவி பறக்கிறதை நம்பலாம். எந்தத் தண்ணீரில் கலந்தது என்று தெரியாத மோர், சர்பத் வேண்டாம். ஊதியூருக்கு முன்னால் வயிற்றுப்போக்கு பிடித்தால் யாத்திரை அங்கேயே முடிந்தது. சாப்பிட்ட இலையைக் காட்டில் வீசாதீர்கள், பிளாஸ்டிக் டம்ளரைக் கொறங்காட்டு மாடுகள் தின்றுவிடும்.

சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்க்கிற மாதிரி வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக. பையின் பின்பக்கமும் நெஞ்சிலும் ஒளிரும் ஸ்டிக்கர். காதில் இயர்போன் கூடாது. வரிசையின் முதல் ஆளும் கடைசி ஆளும் டார்ச் வைத்திருக்க வேண்டும். விடியலுக்கு முந்தைய நேரம் டிரைவர்களுக்குத் தூக்கம் சொக்கும், ஓய்வெடுக்கத் தார்ச்சாலை விளிம்பில் உட்கார்வதும் படுப்பதும் அப்போது மிகவும் ஆபத்து.

7. எப்போது நிறுத்துவது

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு, மயக்கம், பேச்சில் குழப்பம்: 108, பேச்சே கிடையாது. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலி, பாதப் புண்ணிலிருந்து சிவப்புக் கோடு ஏறுவது: அன்றைக்கு நடை முடிந்தது, ஆஸ்பத்திரி. வெறும் தசைவலியும் அலுப்பும் இதில் சேராது. அவற்றோடு நடக்கலாம், மெதுவாக. இந்த வித்தியாசம் தெரியாமல் சாதாரண வலிக்கே பஸ் ஏறுவதும் உண்டு, நெஞ்சுவலியோடு நடப்பதும் உண்டு.

8. பழனியில்

தைப்பூசத் தேரோட்டத்தன்று ஊருக்குள் நெரிசல் கடுமையாக இருக்கும், தரிசனத்துக்குப் பல மணி நேரம் நிற்க வேண்டிவரும். இரண்டு நாள் முன்னால் போய்ச் சேர்கிற மாதிரி கிளம்பினால் நல்லது. அசதியோடு சண்முகநதியில் ஆழம் பார்க்காமல் இறங்காதீர்கள், குளிக்கப் படித்துறை போதும். நான்கு மணி நேரமாவது தூங்கிவிட்டு மலை ஏறுங்கள். படிகள் 693. முட்டி வலி உள்ளவருக்குச் சரிவாக ஏறும் யானைப்பாதை. இறங்கும்போதுதான் முட்டி அதிகம் படும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். மலைக்கோயிலில் 2023 அக்டோபர் முதல் செல்போனுக்குத் தடை இருப்பதால், கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சேர்வது என்று அடிவாரத்திலேயே பேசி வையுங்கள்.

9. மாலை கழற்றிய பிறகு

பஸ்ஸில் திரும்பும்போது கணுக்காலை அசைத்துக்கொண்டே வாருங்கள். கறுத்துப்போன நகத்தைப் பிடுங்க வேண்டாம், தானாக விழும். ஒரு வாரம் நீள நடை இல்லை, சாயங்காலம் இரண்டு கி.மீ. போதும்.

விட்ட பழக்கங்களில் ஒன்றையாவது திரும்பத் தொடாமல் வைத்துக்கொள்ள நினைப்பவர், எது என்பதைக் கிளம்பும் முன்பே எழுதிய அந்தத் தாளில் குறித்திருக்க வேண்டும். குடியை நிறுத்தியவர்களுக்கு மாலை கழற்றும் அன்றைய இரவுதான் கண்டம். 48 நாள் கழித்துப் பழைய அளவில் குடித்தால் உடம்பு முன்போலத் தாங்காது. மாலையை வெள்ளி, சனியில் கழற்றாதீர்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் திருப்பூர்க்காரர்கள் செவ்வாயோ புதனோ கழற்றிவிட்டு மறுநாள் காலை ஷிப்டுக்குப் போய்விடலாம். தனியாகச் சமாளிக்க முடியாது என்று தோன்றினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்த நேரமும் தமிழில் பேசும், காசு இல்லை.